இருமலுக்குக் கிடைத்த சாவி

எங்கள் ஆர்டிஸ் பாட்டி முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நெப்ராஸ்கா பனியில், மண் ரோட்டில், முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க ஓட்டியவள். நிறுத்தங்களுக்கு அவள் வைத்திருந்த பெயரெல்லாம் அந்தந்த வீட்டு நாய்களைப் பார்த்து வைத்தவை: ஒற்றைக்காது, குண்டன், கடிக்கிற வெள்ளை. ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கேக் வெட்டி, பேருந்தின் பக்கவாட்டில் மடங்கி விரியுமே, அந்தச் சிவப்பு 'நில்' பலகையைக் கழற்றிப் பரிசாகக் கொடுத்தார்கள். பாட்டி அதைக் கொண்டுவந்து குளியலறைக் கதவில் மாட்டினாள். எங்கள் வீட்டில் அதை மீறி உள்ளே போனவர் யாரும் இல்லை.

இப்பேர்ப்பட்டவள், சொந்த வீட்டுவண்டியை ஒரு மைல்கூட ஓட்டியதில்லை. டெல்மர் தாத்தா விடமாட்டார். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் வாங்கிய வண்டி அது. முன்னால் இரண்டு இருக்கை, நடுவில் அடுப்பும் மேசையும், கடைசியில் திரை போட்ட கட்டில். ஸ்டியரிங் தாத்தாவுக்கு, மிச்சமெல்லாம் பாட்டிக்கு என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் தாத்தா.

வினை ஃபோனில் வந்தது. நெவாடாவில் வெல்ஸ் என்கிற சின்ன ஊரில் என் சித்தப்பா லாரி மெக்கானிக்காக இருக்கிறார். அவர் மகள் ரெமிக்கு எட்டு வயது, மகன் ஓட்டிஸுக்கு ஐந்து. பேரப்பிள்ளைகளைப் பார்க்க நாங்கள் கிளம்புவதாக முடிவான அன்று ரெமி கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் வகுப்பில் ஒரு பிள்ளை ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஒருத்தன் பல்லியைக் காட்டினான், ஒருத்தி விழுந்த பல்லைக் காட்டினாள். இந்த வெள்ளி ரெமியின் முறை.

"பாட்டி, நீ ஒரு வீட்டையே ஓட்டிட்டு வருவேன்னு சொல்லிட்டேன். நீதான ஓட்டற?"

பாட்டி சோபாவைப் பார்த்தாள். தாத்தா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பின்ன யாரு ஓட்டுவா, செல்லம்?"

"கேஸ்பர் நம்ப மாட்டேங்கறான். பாட்டிங்க அதெல்லாம் ஓட்ட மாட்டாங்களாம். நான் புளுகறேனாம். எல்லாரும் அவன் பக்கம்."

"வெள்ளிக்கிழம பன்னண்டரைக்கு அந்த கேஸ்பர வாசல்ல நிக்க வையி."

ஃபோனை வைத்துவிட்டுப் பாட்டி என்னைப் பார்த்தாள். "நீ எதுவும் கேக்கல, மார்லி."

"எனக்குக் காதே கெடையாது."

நான் அந்தச் சமயம் வீட்டில் சும்மா இருந்தேன். பள்ளி வாசலில் இருக்கும் எழுத்துப் பலகையில் எழுத்துகளைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்ததற்காக இரண்டு வாரம் வராதே என்று சொல்லியிருந்தார்கள். தனியாக விட்டுவிட்டுப் போனால் ஊருக்கு ஆகாது என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

முதல் நாள் பூராவும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் இருந்தது. பாட்டி எதிரில் வந்த ஒவ்வொரு வீட்டுவண்டிக்கும் கையாட்டினாள். ஓட்டிஸுக்கென்று வாங்கிய பொம்மை டிராக்டரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் ஸ்டியரிங் விஷயத்தைத் தாத்தாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வியாழன் சாயங்காலம் வயோமிங்கில் இரவு தங்கும் முகாமுக்குள் நுழையும்வரை வரவில்லை.

முகாம்களில் ஒரு வழக்கம். யாராவது வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்த ஆரம்பித்தால், மற்றவர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள், இரண்டு பேரும் விவாகரத்துவரை போய்த் திரும்புவார்கள். டிக்கெட் கிடையாது.

"எடது, டெல்மர். எடதுப் பக்கம் ஒடி. நில்லு. நில்லுன்னா நில்லு."

தாத்தா நிற்கவில்லை. கரண்ட் கம்பத்தில் இடித்து, பின்பக்க ஏணி வாழைப்பழம்போல் வளைந்தது. நாற்காலிக்காரர்களில் ஒரு அம்மா ஆறுதல் சொன்னாள்: "கவலப்படாதீங்க, எங்க வீட்டுக்காரர் போன மாசம் தண்ணிக் குழாயவே பிடுங்கிட்டாரு."

இரவுச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் போட்ட கார இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டியும். பாட்டி ரொட்டியைப் பிட்டபடி சொன்னாள்.

"நாளைக்கு நான் ஓட்டறேன்."

"எதுக்கு?"

"ரெமிகிட்ட நான்தான் ஓட்டறேன்னு சொல்லிட்டேன். அவ வகுப்பு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. நீ ஓட்டிட்டுப் போயி எறங்கினா, அந்தக் கொழந்த எல்லார் முன்னாடியும் பொய்க்காரி ஆயிடுவா."

"என்னைக் கேக்காம எப்படிச் சொன்ன?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு."

"அதான் கேக்கல."

"ஆர்டிஸ், அது பேருந்து. இது வீடு."

"வீட்ட நாப்பத்தஞ்சு வருஷமா யாரு ஓட்டறா?"

தாத்தா தட்டைக் கழுவப் போய்விட்டார். அவர் தட்டைக் கழுவினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினோம். பாட்டி முன் இருக்கைக்கு வரவே இல்லை. கட்டிலில் படுத்துத் திரையை இழுத்துக்கொண்டாள். யூட்டாவில் உப்புவெளி தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் கடைசி பங்க்கில் தாத்தா டீசல் போட்டார். நான் மேசைப் பக்கத்து பெஞ்சில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கினேன். அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாத்தா வண்டியின் இந்தப் பக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டி அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கிக் கழிப்பறைக்குப் போனாள். தாத்தா ஏறினார், ஓட்டினார். வீட்டுவண்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. காரில் போகிறவர் பெண்டாட்டியை மறந்தால் பக்கத்து இருக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

இருபத்தைந்து மைல் தாண்டி எனக்கு முழிப்பு வந்தது. குளிருக்குப் போர்வை எடுக்கத் திரையை விலக்கினால், கட்டிலில் தலையணையும் பாட்டியின் ஸ்வெட்டரும் சார்ஜில் கிடந்த அவள் ஃபோனும்தான் இருந்தன. திரும்பி வாயைத் திறந்தேன். அதற்குள் தாத்தா பேச ஆரம்பித்துவிட்டார், ரோட்டைப் பார்த்தபடி, திரைக்குப் பின்னால் இருப்பவளிடம்.

"ஆர்டிஸ், நீ முழிச்சிட்டுதான் இருக்கன்னு தெரியும். நேத்து உன் கைய நான் பாக்கலன்னு நெனைக்கற. பாக்கக் கூடாதுன்னுதான் பாக்கல. பாத்தா நீ சொல்றதுதான் சரின்னு தெரிஞ்சு போயிடும்."

நான் சத்தமில்லாமல் திரையை மறுபடி மூடினேன்.

"கெடங்குல இருந்தவரைக்கும் அறுவடை வந்தா பத்து பேரு என்னத் தேடுவாங்க. இப்ப யாரும் தேடறதில்ல. இந்த ஸ்டியரிங்கையும் குடுத்துட்டா நான் என்ன பண்றது? பக்கத்துல உக்காந்து சிப்ஸ் பொட்டலம் பிரிக்கறதா? நீ என்னவிட நல்லா ஓட்டுவ. ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். கல்யாணம் பண்ணின வருஷத்துலேர்ந்து தெரியும்."

வெளியே ஒரு பச்சைப் பலகை வந்தது: இங்கே விட்டால் திரும்ப அடுத்த வழி முப்பத்தேழு மைல். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த மனுஷன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. நிறுத்தினால் இன்னொரு தடவை பேசுவாரா? பலகை பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு.

"ஏதாவது சொல்லு ஆர்டிஸ். இருமவாவது செய்."

நான் திரைக்குப் பக்கத்தில் நின்று இருமினேன். பாட்டி இருமுவதுபோல, இரண்டு தடவை, இரண்டாவது கொஞ்சம் கோபமாக.

"சரி, சரி. நீயே ஓட்டு. அடுத்து எங்க நிக்கறமோ அங்க சாவியக் குடுத்துடறேன்."

இதற்குமேல் எனக்கே தாங்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"தாத்தா, பாட்டி வண்டியில இல்ல."

"மார்லி, உன் சேட்டைக்கு இது நேரமில்ல."

"சத்தியமா இல்ல. ஃபோனு கட்டில்ல கெடக்கு. பங்க்ல எறங்கியிருக்கா."

அவர் கண்ணாடியில் திரையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். காது சிவந்தது.

"அப்ப இருமினது யாரு?"

"நான்தான்."

தாத்தா திரும்ப வழி தேடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எதிர் ரோட்டுக்குப் போக, நடுவில் போலீஸ் வண்டிகளுக்கு மட்டும் என்று ஒரு திருப்பம் வந்தது. அதைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், நேராகப் போனார். பலகையில் போகாதே என்று எழுதியிருந்தால் டெல்மர் கூப்கா போகமாட்டார். என் ஃபோனில் சிக்னல் நெவாடா எல்லைக்குப் பக்கத்தில்தான் வந்தது. பங்க்குக்குக் கூப்பிட்டேன்.

"அந்த அம்மாவா?" என்றான் கடைக்காரன். "நல்லா இருக்காங்க. எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க? என் வாசல்ல வண்டி நிறுத்தறவங்களையெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டிருக்காங்க."

திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அது உண்மைதான் என்று தெரிந்தது. காருக்குப் பின்னால் குதிரை ஏற்றிய இழுவைப் பெட்டியை மாட்டி வந்த ஒரு தடித்த ஆள் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். பாட்டி நடுவில் நின்று கை காட்டினாள். அவன் கையைப் பார்த்தான், திருப்பினான், ஒரே தடவையில் கோட்டுக்குள் வந்து நின்றான். தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னான். தாத்தா அதையெல்லாம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா," என்றாள் பாட்டி. "எங்க போயிட்ட?"

"உப்பு பாக்க."

"மணி பதினொன்னே முக்கால், டெல்மர். நெவாடாவுல கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி, அத வச்சுப் பாத்தாலும் இடிக்குது. நின்னு பேச நேரமில்ல."

தாத்தா இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார். சாவி அதன் இடத்திலேயே தொங்கியது. பாட்டி கதவருகே நின்றுவிட்டாள்.

"இது என்ன?"

"குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருகிட்ட?"

"திரைகிட்ட," என்றார் தாத்தா.

பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே குதிரையைப் பார்த்தேன்.

அவள் ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், மூன்று கண்ணாடியையும் திருப்பினாள், தாத்தா ஆறு வருஷமாக வைத்திருந்த சாய்வுத் திண்டைப் பின்னால் என்மேல் எறிந்தாள். அப்புறம் கிளப்பினாள் பாருங்கள். தாத்தா ஐம்பத்தைந்துக்கு மேல் போகமாட்டார், டீசல் தின்னும் என்று. பாட்டிக்கு முள் எழுபதில் நின்றது. தட்டுகள் அலமாரிக்குள் கைதட்டின. உப்புவெளி எங்களுக்குப் பின்னால் சுருட்டிக்கொண்டு போயிற்று.

"எனக்கு என்ன வேல?" என்றார் தாத்தா, கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி.

"வழி பாரு."

"ஒரே ரோடு, ஆர்டிஸ். எண்பது மைலுக்கு வளைவே கெடையாது."

"அப்ப நேரத்தப் பாரு."

மலையேற்றத்தில் லாரிகள் எல்லாம் மூச்சு வாங்கின. பாட்டி கியரைக் குறைத்து, அவற்றின் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கடந்தாள். கடக்கும்போது தாத்தா முதலில் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது லாரிக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். ஐந்தாவது லாரிக்காரனுக்குக் கையாட்டினார், இவள் என் பெண்டாட்டி என்கிற மாதிரி.

வெல்ஸுக்குள் நுழைந்தபோது அந்த ஊர்க் கணக்கில் பன்னிரண்டு முப்பத்தெட்டு. பள்ளிக்கு முன்னால் ஒரு ரயில் தண்டவாளம். ரயில் இல்லை, விளக்கு இல்லை, அடைப்பும் இல்லை. பாட்டி வண்டியைச் சுத்தமாக நிறுத்தினாள். ஜன்னலை இறக்கினாள். தலையை நீட்டி, ரயில் சத்தம் வருகிறதா என்று இடப்பக்கம் காது கொடுத்தாள், வலப்பக்கம் காது கொடுத்தாள். பள்ளிப் பேருந்துக்கு அதுதான் சட்டம். முப்பத்தொரு வருஷம் உடம்பில் ஏறிய சட்டம்.

"பாட்டி, பின்னாடி கொழந்தைங்க இல்ல. நான்தான் இருக்கேன்."

"நீ யாரு பின்ன?" என்றாள். அப்புறம்தான் தண்டவாளத்தைத் தாண்டினாள்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து டீச்சர் கூப்பிட்டுவிட்டாள் போலிருக்கிறது. வேலிக் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி மட்டும் நகராமல் நின்றாள், மஞ்சள் கோட்டு. டீச்சர் அவள் தோளில் கை வைத்திருந்தாள்.

பாட்டி ஹாரனை அழுத்தினாள். அழுத்தியதோடு விடவில்லை.

வரிசை கலைந்தது. ரெமி ஓடிவந்து ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே நின்று, முதலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தாள். பார்த்ததும் முத்தம் கொடுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்: "யாரு ஓட்டறா பாத்துக்கோங்க."

சிவந்த தலைமயிர்ப் பையன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன்தான் கேஸ்பர். "இங்க வந்ததும் எடம் மாறி உக்காந்திருப்பாங்க," என்றான்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அவன் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனான்.

ஓட்டிக் காட்டட்டுமா என்று பாட்டி டீச்சரைக் கேட்டாள். டீச்சர் ஒரே ஒரு சுற்று என்றாள். ரெமியைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துப் பெல்ட்டைப் போட்டாள் பாட்டி. தாத்தா அதற்கு முன்பே தானாக இறங்கியிருந்தார், நானும் இறங்கிக்கொண்டேன். பிள்ளைகள் நடைபாதை ஓரத்தில் வரிசையாக உட்கார, எங்கள் வீடு பள்ளி மைதானத்தை மெதுவாகச் சுற்றியது. ரெமி ஜன்னல் வழியாக ராணி மாதிரி கையை அசைத்தாள். கேஸ்பரின் கை தானாக அவிழ்ந்துகொண்டது.

அவன் தன் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கிழவரை ஏறிட்டுப் பார்த்தான்.

"அவங்க நெசமாவே அவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தாங்களா?"

பாதித் தூரம்கூட இல்லை. தாத்தா பொய் சொல்லிப் பழகியவரும் இல்லை.

"எழுபதுல வந்தா," என்றார் தாத்தா. "மலையில அஞ்சு லாரிய முந்தினா."

"அப்ப நீங்க யாரு?"

தாத்தா மைதானத்தைப் பார்த்தார். வண்டி திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"நானா? நான் அவகூட வந்தவன்," என்றார்.