வாய் கட்டாத மாவு மூட்டை

தரங்கம்பாடியில் என் சித்தி மகள் நடத்தும் ரொட்டிக்கடையை நினைத்தால், கடல் பக்க ஜன்னலடியில் வாய் கட்டாமல் சாய்ந்திருந்த மாவு மூட்டைதான் முதலில் கண்முன் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அங்கே போயிருந்தேன்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் ஆலையில் மாவின் ஈரப்பதம் பார்ப்பது என் வேலை. அவள் பன்னிரண்டாவதோடு நின்று, அருப்புக்கோட்டையில் ஒரு பேக்கரியில் தொழில் பழகியவள். அந்த வருடத் தை மாதத்தில்தான் கல்யாணமாகிக் கடற்கரைக்குப் போனாள். கடை வைக்கும் பேச்சை முதலில் எடுத்தது நான். எந்த அடுப்பு, எவ்வளவு இடம், என்னென்ன ரொட்டி என்று நோட்டில் வரிசையாக எழுதியும் வைத்தேன். எழுதியதோடு சரி. அவள் எதையும் எழுதாமல் சித்திரையில் கடையைத் திறந்துவிட்டாள்.

கணவர் வீட்டின் முன்பகுதிதான் கடை. உள்ளே செங்கல் அடுப்பு, எங்கள் பக்கத்துக் கருவேல விறகு. ஊரிலுள்ள டேனிஷ் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் ரொட்டியை முகர்ந்து பார்த்து வாங்கிப் போனார்கள். நான் குறை தேடினேன். மேலோடு, உள் துளைகள், புளிப்பு, உப்பு. எல்லாம் சரியாக இருந்தன.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல."

"ஏக்கா, நல்லாருக்குன்னு சொன்னா வாயில இருக்க முத்து உதிந்திருமா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் மூட்டையைப் பார்த்தேன். எங்கள் வறண்ட ஊரில் உப்பு ஜாடியைத் திறந்து போட்டால்கூட நீர்த்துப்போகாது. அந்தப் பழக்கத்தில் விட்டிருந்தாள். ஒரு பிடி அள்ளினேன். மாவு உதிராமல் கையில் கட்டியாக நின்றது. கடல்காற்றின் ஈரத்தை ஏற்கெனவே குடித்த மாவு, பிசையும்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். மறுநாள் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குத் தேவாலயத்தில் நாற்பது ரொட்டி கேட்டிருந்தார்கள். அவளுடைய முதல் பெரிய ஆர்டர். அவள் வழக்கமான அளவிலேயே தண்ணீரை ஊற்றிப் பிசைந்தாள். நான் கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டுக் கடல் பார்க்கப் போனேன்.

காலையில் நாற்பதும் எழும்பாமல் பரவிக் கிடந்தன. ஆலயத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அவள் அடுப்பு முன் உட்கார்ந்து அழுதாள். கடையில் உதவிக்கு இருந்த வயதான பெண்மணி என் பக்கம் திரும்பினார். "இதுக்குன்னே படிச்சவங்கதானே நீங்க? நேத்தே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

சித்தி மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவுகள ஏன் சொல்றீக? எங்கக்கா பாத்திருந்தா சொல்லாம இருப்பாகளா?"

நான் தட்டையாய்க் கிடந்த ஒன்றைப் பிய்த்துத் தின்றேன். அப்படிக் கெட்டும் ருசியாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது மாவை மூடி போட்ட ட்ரம்மில் வைக்கிறாள். மழை பிடித்தால் ஃபோன் பண்ணுகிறாள்: "தண்ணி எம்புட்டுக் குறைக்கட்டும்க்கா?" சரியான அளவைத்தான் சொல்கிறேன். அன்று மூட்டைக்குள் கை விட்டதை இதுவரை சொல்லவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், நான் சொல்கிறபடியே ஊற்றுகிறாள்.