பெரட்டில் ஊற்றிய விளக்கெண்ணெய்

நான் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டர். முன்பெல்லாம் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் வயிற்றுவலி என்பவரை, வேலைக்கு வராமல் ஏய்க்கிறவர் என்று எல்லோர் முன்னும் விளக்கெண்ணெய் குடிக்க வைப்போம்.

ஒருநாள் மாடசாமி வலது அடிவயிற்றைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

“நேத்துலருந்து வாந்திய்யா. தொட்டாலே துடிக்காரு. எண்ணெ வேண்டாம்யா,” என்றாள் அவன் மனைவி பேச்சி.

“நீ என்ன டாக்டரா? மூக்கைப் பிடிச்சு ஊத்துங்கலே!” என்றேன்.

குடல்வால் வீங்கியவருக்குப் பேதிமருந்து ஆபத்து என்று படித்தவன் நான். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவன் இறந்தான்.

துக்கம் கேட்கப் போனேன். “உம்ம கையால பச்சத்தண்ணியும் வேண்டாம். வெளிய போம்!” என்றாள் பேச்சி.

இப்போது யாருக்கு வயிற்றுவலி என்றாலும் பேதிமருந்து கொடுப்பதில்லை. தொட்டுப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். பேச்சி மட்டும், பிள்ளைகளுக்கு வலி வந்தால் என் வாசலைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்கே நடக்கிறாள்.