மூன்று வேப்பிலைக் கேடயம்

சிவகாசியில் ஒரு கிளிப் படத்தைக் காட்டி, இது எந்தக் கம்பெனி வெடி என்று கேட்டால் நான்கு பேர் நான்கு பெயர் சொல்வார்கள். ஞானசுந்தரி அக்காவிடம் கேட்டால் அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார். "மூக்கு செவப்பா, ஆரஞ்சா? காலுக்கடியில கொப்பு இருக்கா, சும்மா நிக்குதா?" நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி பெயர், ஊர், அந்தக் கிளி எந்த வருடம் வந்தது, அதற்கு முன்னால் அதே பெட்டியில் இருந்த மயில் ஏன் போனது என்பது வரை வந்துவிடும். அந்தக் கிளியே வந்து சாட்சி சொன்னாலும் அவ்வளவு சுத்தமாகச் சொல்லாது.

நானும் அவரும் ஒரே அச்சகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறோம். மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது அவர் வேலை. அவர் வரைந்ததற்குப் பிளேட் போட்டு மெஷினுக்கு அனுப்புவது என் வேலை.

அக்கா பிறந்தது தாயில்பட்டி. அப்பா, அம்மா இருவரும் வெடிக் கம்பெனிக்குப் போனவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வீட்டில் கம்பெனிக்குக் கூப்பிட, எனக்கு வெடிமருந்து வாசமே ஆகாது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சிவகாசிக்கு பஸ் ஏறி, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தார். கணவர் மணிகண்டராஜ் லோடு வண்டி ஓட்டுகிறார். வீட்டில் அவர் பேசுவார், அக்கா கேட்பார். அச்சகத்தில் அக்கா பேசுவார், முதலாளி ஜெயச்சந்திரன் உட்பட நாங்கள் எல்லோரும் கேட்போம்.

கேட்பதற்குக் காரணம் அவருடைய ஆறு நோட்டுகள். ஊரில் வருகிற ஒவ்வொரு லேபிளிலும் ஒன்றை வெட்டி ஒட்டி, கீழே கம்பெனி பெயரும் ஊரும் எழுதி வைப்பார். பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல் உண்டு, டிரேட்மார்க் உண்டு. வெம்பக்கோட்டைப் பக்கம் நாலு அறை போட்டு வெடி செய்கிற சின்ன யூனிட்காரர்களுக்கு அக்காவின் நோட்டுதான் சர்க்கார். புதுப் படம் கேட்டு யார் வந்தாலும் அவர் நோட்டைப் புரட்டுவார். "இந்தச் சிங்கத்துக்கு ஆளு இருக்கு அண்ணாச்சி, வேற பாருங்க" என்றால் வேறு பார்ப்பார்கள். ஒருவர் படத்தை இன்னொருவருக்கு அவர் வரைந்து கொடுத்ததே இல்லை.

அந்த நோட்டில் ஒரு குறை உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்து ஆள் இறந்த கம்பெனியின் லேபிளை அக்கா உரித்து எடுத்துவிடுவார். ஒருமுறை ஒரு முதலாளி புது சீசனுக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தவர், நோட்டில் அப்படி ஒரு லேபிளைப் பார்த்துவிட்டு, "வெடிச்ச படத்தையா என் கண்ணுல காட்டுறீக?" என்று எழுந்து போய்விட்டார். வெடித்த கம்பெனியின் படம் ராசியில்லை என்ற பயம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு, அதைக் குறை சொல்ல நான் யார். அன்றிலிருந்து அக்கா அப்படிப்பட்டவற்றை உரித்துக் குப்பைக் காகிதத்தோடு போட்டுவந்தார். ஒட்டிய இடத்தில் பசைக் கறையோடு ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இந்த வருடம் தை மாதம் நாரணாபுரத்து ராஜபாண்டியன் அண்ணாச்சி ஒரு ஆர்டர் கொண்டுவந்தார். வடக்கே அனுப்புகிற பெரிய பெட்டிக்கு வெள்ளைக்காரத் தேசத்துப் பழைய காலத்துக் குதிரைவீரன் படம் வேண்டும். உடம்பு முழுக்க இரும்புச் சட்டை, தலையில் மூடி, கையில் ஈட்டி. "நம்ம ஊர் வீரன் எல்லாருகிட்டயும் இருக்கான் ஞானம். எனக்கு இங்கிலீஷ்ல நைட்டுன்னு சொல்லுவாகள்ல, அந்த வீரன் ஒருத்தன் வேணும்."

அக்கா ஒரு வாரம் போனில் அந்த வீரர்களைப் பற்றியே படித்தார். டீ நேரத்தில் எங்களுக்கும் பாடம் நடந்தது. தலைமூடியைப் போட்டால் முகம் தெரியாது, அதனால் ஒவ்வொருவனும் தன் கேடயத்தில் ஒரு சின்னம் வரைந்துகொள்வானாம். சிங்கம், கழுகு, பூ, வெறும் கோடு, எதுவானாலும் ஒருவனுடையதை இன்னொருவன் போடக் கூடாது. போட்டால் வழக்கு வரும்.

"இம்புட்டுக்கும் கணக்கு வச்சிக்கிடுறதுக்கு ஆளு உண்டாம்லே. கேடயத்தைப் பாத்த ஒடனே இன்ன வீடு, இன்னாரு மகன்னு சொல்லிருவானாம். எல்லாத்தையும் நோட்டுல வரைஞ்சு வச்சிருப்பானாம்."

"அந்தக் காலத்துலயே உங்க வேலைக்கு ஆளு எடுத்திருக்காங்கக்கா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டு மேலே சொன்னார். அப்பன் செத்தால் சின்னம் பிள்ளைக்குப் போகும். வாரிசே இல்லாமல் கடைசி ஆளும் போய்விட்டால் கேடயத்தையும் கூடவே குழியில் வைத்துவிடுகிற வழக்கமும் இருந்ததாம். வீரனாகும்போது பொய் சொல்ல மாட்டேன், ஆதரவில்லாத பெண்களைக் காப்பேன் என்றெல்லாம் சத்தியம் வாங்குவார்களாம். "சத்தியம் பண்ணுனவனுகள்ல எத்தனை பேரு காப்பாத்துனானுகளோ" என்று தம்ளரைக் கழுவி வைத்தார்.

படம் பிரமாதமாக வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிய வெள்ளைக் குதிரை, தலைமூடியின் மேல் நீல இறகு, சிவப்புக் கேடயம், அதில் பச்சையாக மூன்று வேப்பிலை. வெள்ளைக்காரனுக்கு வேப்பிலை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தெரியலலே, கை போட்டுருச்சு. நல்லாத்தான இருக்கு" என்றார். அண்ணாச்சிக்கும் பிடித்துப்போனது. நோட்டைப் புரட்டி, குதிரைவீரன் யாருக்கும் இல்லை என்று அக்கா வாக்குக் கொடுத்தார். நான் பிளேட் போட்டேன். மெஷின் ஓட ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலையில் செல்வலட்சுமி என்ற பெண் மாடிக்கு வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டைத் தன் பெயரில் எடுத்திருப்பதாகவும், லேபிள் அடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். "புதுப் படம் வேண்டாம்க்கா. எங்கப்பா படமே போதும்." பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்கு பழைய லேபிள்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

வெள்ளைக் குதிரை. நீல இறகு. சிவப்புக் கேடயத்தில் மூன்று வேப்பிலை.

கீழே அதே குதிரை ஆயிரம் ஆயிரமாக அச்சாகிக்கொண்டிருந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அது என்ன சத்தம் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"சோணைமுத்து அண்ணன் மகளா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. உங்களுக்குத் தெரியுமா அப்பாவை?"

எட்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், வேலையாட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு மருந்துக் கலவை அறையில் தனியாக வேலை பார்த்தபோது இறந்துபோனவர் சோணைமுத்து. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பாடுபட்டுச் சொந்தமாக யூனிட் எடுத்திருந்தார். இந்தக் குதிரைவீரன் அவர் எங்கோ காலண்டரில் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்ட படம். வேப்பிலை அவர் குலதெய்வத்துக்காக. வரைந்து கொடுத்ததே அக்காதான். பிளேட் போட்டவன் நான், ஆனால் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் போடுவதில் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நோட்டிலிருந்து உரித்துப் போட்டுவிட்டார், ஆனால் கையிலிருந்து உரிக்க முடியவில்லை.

"ஒரு வாரம் கழிச்சு வா தாயி. மாதிரிக்கு ஒரு புரூஃப் எடுத்து வைக்கேன்" என்று அக்கா அனுப்பினார்.

விஷயம் எனக்கும் விளங்கியது. அண்ணாச்சியின் பெட்டி சந்தைக்குப் போய்விட்டால், அப்புறம் வருகிற இந்தப் பெண்ணின் பெட்டியைத்தான் கடைக்காரன் போலி என்பான். முதல் சீசனிலேயே அவள் கதை முடிந்தது. அண்ணாச்சியை நிறுத்த ஒரு சுலபமான வழி இருந்தது. பெரிய புத்திசாலி போல அதை நானே எடுத்துக்கொடுத்தேன்.

"அக்கா, வெடிச்ச கம்பெனி படம்னு ஒரு வார்த்தை அண்ணாச்சி காதுல போடுங்க. அவரா எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு ஓடிருவாரு. உங்க மேலயும் தப்பு வராது."

"அந்த வார்த்தை அண்ணாச்சி காதோட நிக்குமாலே?"

நிற்காது. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் பரவும். அப்புறம் அந்தப் பெண் தன் அப்பா படத்தோடு எந்தக் கடை வாசலில் நிற்க முடியும்? பதினேழு வருடம் பிளேட் போட்டும் எனக்கு இவ்வளவுதான் புத்தி. வெட்கமாக இருந்தது.

அக்கா மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுகிட்ட டிரேட்மார்க் இருக்கா? இல்லைல்ல? பெறகென்ன? வேற படம் போட்டுக் குடுங்க அதுக்கு." அக்கா அசையவில்லை. ராஜபாண்டியன் அண்ணாச்சிக்குப் போன் போனது, அரைமணி நேரத்தில் அவர் வந்தார். நானும் பிளேட்டைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"அந்தப் படத்துக்கு ஆளு இருக்கு அண்ணாச்சி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எந்தக் கம்பெனி?"

"சின்ன யூனிட்டு. இந்த சீசன் மறுபடி ஆரம்பிக்காக."

"அப்ப முன்னாலயே உங்க நோட்டுல இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு."

"இருந்தும் எப்படி விட்டீக?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும். அக்கா அண்ணாச்சி முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"கவனக்கொறவு. என் மேலதான் தப்பு."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சத்தம் போடவில்லை. "வம்புள்ள படம் எனக்கு எதுக்கு. அம்புட்டையும் வெட்டிப் போட்ருங்க" என்றார். படியிறங்கும் முன் திரும்பினார். "ஊரே உங்க வாயைத்தான் நம்பிட்டு இருந்துச்சு ஞானம்." புதுப் படத்துக்கு அவர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்.

முதலாளி நான்கு நாள் அக்காவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், கொஞ்ச நாளைக்குக் காலண்டர் வேலையைப் பாருங்கள் என்றார். ஞானசுந்தரிக்கு ஞாபகம் போச்சு என்று பஜாரில் பேச்சு. கிளியையும் சிங்கத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மாடிக்கு வராமல் கீழேயே பேசிவிட்டுப் போனார்கள். அக்கா எதுவும் நடக்காதது போல முருகன் படத்துக்குக் கீழே தேதிக் கட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சொன்னபடி செல்வலட்சுமி வந்தாள். அக்கா புரூஃபை நீட்டினார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். கேடயத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "அக்கா, பஜார்ல ஒண்ணு சொன்னாக. குதிரைவீரன் படம் ஒண்ணை யாருக்கோ போட்டுட்டு, பெறகு நிறுத்துனீகளாமே. அது எங்கப்பா படந்தான? மறந்துட்டீகளா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வயதானவரிடம் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஆமாம், மறந்துவிட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மறக்கல தாயி. உரிச்சு எடுத்துட்டேன்" என்றார் அக்கா. "உங்கப்பா செத்த மறு வாரம். வர்ற மொதலாளிக பாத்தா மொகம் சுளிப்பாகன்னு." மூன்றாவது நோட்டை எடுத்து விரித்து அந்தப் பசைக் கறைக் கட்டத்தைக் காட்டினார்.

செல்வலட்சுமி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கறைக் கட்டம் வருகிற இடத்திலெல்லாம் நின்றாள்.

"இதெல்லாம்?"

"அவுகளும்தான்."

"எத்தனை?"

"மொத்தம் பதினாலு."

அவள் கவரிலிருந்து பழைய லேபிள் ஒன்றை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்தாள். அப்பா கையால் வாங்கி வைத்ததில் மிச்சம் இருந்தவை அந்த நான்குதான். "ஒட்டுங்க. நான் பாத்துட்டுத்தான் போவேன்." அக்கா பசை தடவி ஒட்டினார். கீழே சோணைமுத்து, தாயில்பட்டி என்று எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.

செல்வலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தாள்.

"பாக்கிப் பதிமூணு பேரு யாரு யாருன்னு சொல்லுங்க. நஷ்டஈட்டுக்கு ஆபீசு ஆபீசா நடந்தப்ப அந்த வீட்டாள்க கூடத்தான் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தேன். எனக்கு எல்லார் வீடும் தெரியும். அவுக லேபிளையும் கேட்டு வாங்கிட்டு வாரேன்."