வலி இல்லை என்று எழுதியிருந்தது

என் வீட்டுக்காரர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல் ‘பரவால்ல’. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பரவால்ல, பஸ் போய்விட்டாலும் பரவால்ல. கல்யாணமான புதிதில் தங்கமான குணம் என்று நினைத்தேன். பிறகு சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அந்தச் சொல் எங்களையே கவிழ்க்கும் என்பது உத்தமபாளையத்தில் வக்கீல் முன்னால் உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவர். பந்தலுக்கடியில் நின்று, நாள் முழுக்க இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கொடியை நறுக்குகிற வேலை. போன வருஷம் தோட்டத்துக்குப் போகிற வழியில் பின்னால் வந்த மினி பஸ் ஒன்று அவரை வண்டியோடு இடித்துத் தள்ளியது. வலது தோளில் நரம்பு அறுந்துபோனது. விரல்கள் அசையும், பேனா பிடிக்கும். ஆனால் கை மேலே எழும்பாது, முழங்கை மடங்காது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பஸ் முதலாளிக்கும் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் எழுதுவதற்காக வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சுருங்கியது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இவர் “பரவால்ல சார்” என்றிருக்கிறார். டாக்டரும் வலி இல்லை, நலம் என்று எழுதித் தள்ளிவிட்டார்.

“கம்பெனிக்காரன் இதத்தாம்மா பிடிச்சுக்குவான்” என்றார் வக்கீல். “மறுபடி டாக்டர்ட்டக் காட்டி, உள்ளதச் சொல்லி எழுதி வாங்குங்க. நீங்களும் வீட்டுல உக்காந்து ஒண்ணு எழுதுங்க. முன்னால இவரு என்னென்ன செஞ்சாரு, இப்ப எது எது முடியல. கூட்டி எழுத வேணாம், யாரையும் திட்டவும் வேணாம். கண்ணால பாத்தது மட்டும்.”

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து அவரிடமே கேட்டேன்.

“என்னத்தச் சொல்லச் சொல்ற? பரவால்லன்னு எழுது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இந்த ஒத்தச் சொல்லுதான நம்மள இங்கன கொண்டாந்து நிறுத்திருக்கு? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்” என்று நானே எழுத ஆரம்பித்தேன்.

சட்டை மாட்டிவிடுவது நான். தலை துவட்டிவிடுவது நான். தோட்டத்துக்கு இன்னமும் போகிறார். மற்றவர்கள் வெட்டுவதை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார். வெளியில் போனால் வலது கையைத் துண்டால் மூடிக்கொள்கிறார். வீட்டுக்குள் மட்டும்தான் இடது கையால் அதைத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மடியில் வைத்துக்கொள்வார். வாசலில் ஆள் அரவம் கேட்டால் அதுவும் கிடையாது, சட்டென்று கீழே நழுவ விட்டுவிடுவார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதில்லை. நாலு பேருக்கு நடுவில் இடது கையால் எப்படிச் சாப்பிடுவார்? வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிடுவார். இதை எழுதும்போது எனக்குக் கண் மறைத்தது. எத்தனை கல்யாணத்தில் இவர் பசியோடு திரும்பியிருக்கிறார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் கோயிலுக்குப் போனவர் அதை நிறுத்திவிட்டதை மட்டும் நான் எழுதவில்லை. அது சாமி மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். “சாமியா வந்து பஸ்ஸ ஓட்டுச்சு?” என்று பல தடவை குத்திக்காட்டியும் இருக்கிறேன்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

“ஒண்ண விட்டுட்ட” என்றார்.

“எத?”

“குச்சனூர. ரெண்டு கையையும் சேத்துத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டே பழகிப்போச்சு. ஒத்தக் கையத் தூக்கிக்கிட்டு சாமி முன்னால நிக்க எனக்குக் கூசுது.”

நான் குத்திக்காட்டிய சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவர் சொன்னதைக் கடைசி வரியாக எழுதினேன்.

வக்கீல் முழுவதும் படித்தார். டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த சான்றிதழையும் பின்னால் சேர்த்துக்கொண்டார். பிறகு கடைசி வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“இதுக்கெல்லாம் கம்பெனிக்காரன் ஒண்ணும் தர மாட்டான். எடுத்துரலாமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவரிடமிருந்து என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

“வேணாம் சார்” என்றார் அவர். “அது இருக்கட்டும்.”

வக்கீல் தாளை அவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார். வக்கீல், குமாஸ்தா, வாசலில் காத்திருந்த ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி மேசை மேல் வைத்தார்.