படி வைத்த மேடை

அந்தக் கொத்தனாரை எல்லோரும் 'பாதி' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரின் உயரத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால், இரண்டு அளவுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் கட்டிவிட்டு, "யாருக்கும் மனக்குறை இல்ல பாருங்க" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். மனிதருக்கு அதில் அப்படியொரு பெருமை!

அந்தப் பெருமை சொந்தச் சமையலறையில் சந்தி சிரித்தது. அவர் மனைவி குள்ளம். கூடவே இருக்கும் அவருடைய அக்கா நெட்டை. புதுச் சமையல் மேடை எவ்வளவு உயரம் என்று இருவருக்கும் ஓயாத சண்டை. பாதி வழக்கம்போல நடுவில் கோடு போட்டார். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்க, ஒரே மட்டமாகக் கட்டி முடித்தார்.

சண்டை நின்றது. கூடவே பேச்சும் நின்றது. இருவருமே விட்டுக்கொடுத்தவர்கள், எந்த வாயால் குறை சொல்வது? மனைவி எக்கி எக்கிக் கிளறித் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கா குனிந்து குனிந்து காய் நறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பாதி மட்டும் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஒருநாள் காலை அக்கா துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தனியா ஒரு ரூம் பாத்துக்கறேன்டா தம்பி."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அம்மா போன பின் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள். "ஏன்க்கா, அவ ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. அந்த மேடைகிட்ட நின்னாலே இடுப்பு விட்டுப்போகுது. அப்புறம் அவளப் பாத்தா எரிச்சலா வருது. பாவம், அவ என்ன பண்ணுவா?"

கதவருகே நின்ற மனைவி பொறுக்கமாட்டாமல், "எனக்கும் அப்படித்தான் அண்ணி! எண்ணெய் நேரா மூஞ்சில தெறிக்குது" என்றாள்.

பாதி மேடையை எட்டிப் பார்த்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டாரே தவிர, எதற்கு அந்த உயரம் என்று கேட்கத் தோன்றவில்லையே! ஒருத்திக்கு அடுப்பு, ஒருத்திக்கு நறுக்குகிற பலகை. இவ்வளவுதானே விஷயம்?

அன்றே உளியைத் தூக்கினார். அடுப்புப் பக்கம் இறக்கினார், நறுக்கும் பக்கம் ஏற்றினார். நடுவில் படி போல ஒரு வெட்டு விழுந்தது. கொத்தனார் வீட்டிலேயே மேடை மட்டமில்லையா என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கே கண்ணை உறுத்தியது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அக்காவின் பெட்டி பரண் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் அவர் சாயங்காலம் வீடு திரும்பும்போது வாசலிலேயே சத்தம் கேட்கிறது.

"அண்ணி, உப்பு போதும்!"

"சும்மா இருடி, உன் நாக்கு செத்துப்போச்சு!"

அதைக் கேட்டாலே பாதிக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

"தம்பி, நீயே வந்து சொல்லுடா!"

அரை ஸ்பூன் போடுங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "நான் இன்னும் கால் கழுவலக்கா" என்று கொல்லைப்பக்கம் நழுவினார்.