மழை இடிக்காத வீடு

பிரேசிலின் கடலோர நகரம் ஒன்றில், ஹோட்டல் சலவை அறையில் இஸ்திரி போடுபவள் ஜாண்டிரா. அவளுக்குக் கோபம் வந்தால் கஞ்சி போட்ட சட்டைகூட நடுங்கும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். கார்னிவல் ஊர்வலத்துக்காக அவள் வாழும் மலைச்சரிவுக் குடியிருப்பின் சம்பா நடனக் குழு நடத்திய பாட்டுப் போட்டியில் அந்த வருஷம் அவள் பாட்டுதான் ஜெயித்தது. ஆண்களே எழுதி ஆண்களே முதுகில் தட்டிக்கொள்ளும் இடத்தில் அது லேசான காரியமில்லை.

பாட்டின் உயிர் ஒரே வரி: ‘என் வீட்டை இடித்தது அரசாங்க எந்திரம்.’ சாலை போடுகிறோம் என்று வந்து அவள் தெருவையே தரைமட்டமாக்கியிருந்தார்கள். எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை ஊர் கேட்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒத்திகை முடியும் தறுவாயில் குழுத் தலைவன் வால்டெசிர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். ஊர்வல அலங்கார வண்டிகளுக்குப் பணம் தரும் அரசு அதிகாரிகளுக்கு அந்த வரி உறுத்துகிறதாம். ‘என் வீட்டை அடித்துப் போனது மழை’ என்று மாற்றியாகிவிட்டதாம். மெட்டு இம்மியும் பிசகவில்லை என்று பெருமை வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஒரு வரிதானே என்று எல்லோரும் அவளுக்கே புத்தி சொன்னார்கள்.

ஊர்வலத்தில் அகலப் பாவாடை கட்டிச் சுழலும் பெண்கள் அணியில் அவள் முதல் வரிசை. அத்தனை பேரும் வாய்விட்டுப் பாட வேண்டும். பாடாத வாய்க்கு நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். மழை வரி வந்தபோதெல்லாம் ஜாண்டிரா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதே எந்திரத்துக்கு வீட்டைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரிகள் மழையைச் சிரித்துச் சிரித்துப் பாடினார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறெரிந்தது.

சேர்ந்து பாடுவதற்கான மதிப்பெண் குறைந்து, நூலிழையில் கோப்பை கைநழுவியது. ஒத்திகைக் கொட்டகையில் வால்டெசிர் எல்லோரையும் நிற்கவைத்து, வாயை மூடியது யார் என்று கேட்டான்.

“நான்தான்,” என்றாள் ஜாண்டிரா. “என் வீட்டை மழை இடிக்கல. உன் வீட்டையும்தான். அன்னிக்கு அந்த எந்திரத்துக்கு முன்னாடி நீயும்தானே படுத்த?”

அவன் முகம் செத்துப்போனது. “படுத்தேன்க்கா. படுத்து என்ன ஆச்சு? வீடு மிஞ்சுச்சா?”

“பாட்டு மிஞ்சுச்சு,” என்றாள் அவள். “அத நீ இடிச்சுட்ட.”

உடுப்புக்கு மேல் கட்டியிருந்த ஊர்வலப் பாவாடையை அவள் அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.