சிங்கத்தின் பின்பாதி

சீனச் சிங்க நடனத்தில் ஒரு சிங்கத்துக்கு இரண்டு ஆட்கள். முன்னால் நிற்பவர் தலையைத் தூக்கி ஆட்டுவார். பின்னால் நிற்பவர் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி, குனிந்த முதுகோடு, அவரது குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஆடவேண்டும். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் இலக்கியம் படித்த காலத்தில் நான் பின்பாதியாக இருந்தேன். முகம் காட்டத் தேவையில்லாத ஆட்டம் ஒன்று இருக்கிறது என்று அறிந்தவுடன் சேர்ந்துகொண்டேன்.

குழுவை நடத்தியவர் வியட்நாமிலிருந்து படகில் வந்த ஒரு சீனர். பகலில் உணவகம் நடத்துவார். செவ்வாய் மாலைகளில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் எங்களுக்கு முரசடிப்பார். சிங்கத்தலையைத் தூக்கியவள் அவருடைய மகள், என் வகுப்புத் தோழி. எங்களுக்குள் டெனிஷில்தான் பேச்சு. இங்கே அதை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “குமர்ப்பிள்ளை துணிக்குள்ளை குனிஞ்சு நிண்டு என்ன ஆட்டம்? பாக்கிற சனத்துக்குப் பின்பக்கம்தானே தெரியும்” என்றார். பிறகு ஒருநாள் குழுவின் வழக்கம் ஒன்றை அவரிடம் சொன்னேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் முரசடிப்பவர் எங்கள் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, “வீடு நலமா?” என்று கேட்பார். “நலம்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சிங்கம், போகும் இடத்துக்கு நன்மை கொண்டுபோவது. ஆகையால் சாவு நடந்த வீட்டார் ஓராண்டுக்கு அதைத் தொடக்கூடாது.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அப்ப எங்கடை செத்தவீட்டுத் துடக்கு மாதிரித்தான். கோயில் சாமானெண்டு முதலே சொல்லியிருக்கலாமே. சரி, ஆடு.”

என் அண்ணன் இலங்கையில், வன்னியில் இருந்தார். பெற்றோர் டென்மார்க்குக்கு வந்தபோது, பிறகு கூப்பிடலாம் என்று அவரை மாமியோடு விட்டு வந்தார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. நான் பிறந்தது இங்கே. எனக்கு அவர் தொலைபேசிக் குரல் மட்டும்தான்: “இப்ப என்ன புத்தகம் வாசிக்கிறாய்?” என்று தவறாமல் கேட்கும் குரல். 2009ஆம் வருடத்தின் தொடக்கத்தில் அழைப்புகள் நின்றன. மே மாதத்தில் யுத்தம் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. முகாம்களுக்கு வந்து சேர்ந்த உறவினர்களிடம் அப்பா ஒவ்வொருவராகக் கேட்டார். அவர்களில் ஒருவர் அண்ணனைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் எவரும் இல்லை.

அப்பா சவரம் செய்வதை நிறுத்தினார். அம்மாவோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார். அங்கே பெண்கள் தணிந்த குரலில், “ஏதும் கிரியை செய்யத்தானே வேணும், அக்கா” என்றார்கள்.

“துடக்கெண்டா நான் கோயில் படி மிதிப்பனே?” என்றார் அம்மா. “என்ரை மகள் வாற மாசம் சிங்கம் ஆடுறாள். செத்தவீட்டுப் பிள்ளையை அவங்கள் சிங்கத்திலை தொடவிடாங்கள். வந்து பாருங்கோவன்.”

அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி நான்.

அதே வாரங்களில் குழுவுக்குள் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. நகரத்துக் கோடைவிழாவுக்கு மகள் புதிய சிங்கம் ஒன்றைத் தயாரித்திருந்தாள். ரோமத்துக்கு அடியில் மின்விளக்குகள். முரசுக்குப் பதிலாகக் கணினியில் செய்த இசை.

“விளக்குப் போட்டா அது சிங்கமில்லை, கிறிஸ்மஸ் மரம்” என்றார் தகப்பன்.

“கிறிஸ்மஸ் மரத்தைச் சனம் நிண்டு பாக்குது, அப்பா. எங்கடை சிங்கத்தை ஆர் பாக்கினம்? உங்கடை கடையிலை சமைக்கிற கோக்கிமாரும் அவையின்ரை மனிசிமாரும்தான்.”

அவர் விளக்குகளுக்கு இணங்கினார். நீண்ட இழுபறிக்குப் பிறகு பாதி இசைக்கும் இணங்கினார். உடனே அவள், ‘வீடு நலமா’ என்ற கேள்வியையும் நிறுத்திவிடுவோம் என்றாள். “சிங்கமென்ன விமான நிலையமே, உள்ளை போகமுதல் விசாரிக்க?”

“விளக்கைப் போடு, பாட்டைப் போடு” என்றார் அவர். “கேள்வியை மட்டும் அப்பிடியே இருக்க விடு. அதுவும் இல்லாட்டி ரெண்டு பேர் போர்வைக்குள்ளை துள்ளுறியள், அவ்வளவுதான்.”

அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியும்; எனக்காகவே அதைக் கேட்டாள். சைக்கிளில் வீடு திரும்பும்போது சொன்னாள்: “நான் எப்பிடியும் நிப்பாட்டிவிடுவன். நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை.” அது அன்புதான். ஆனால் அவளுடைய சிங்கத்தில் என் அண்ணனைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. அவளுடைய தகப்பனின் சிங்கத்தில் கேட்பார்கள். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நலம் என்றால் அது நான் அறியாத ஒன்று. இல்லை என்றால், அவரை முதலில் இறந்தவராக்கிய வாய் என்னுடையதாகிவிடும்.

விழா நாளில், சதுக்கத்துக்குப் பின்னால் இருந்த கூடாரத்தில் அவர் எங்களை வரிசையாக நிறுத்தினார். மகள் சலிப்போடு “நலம்” என்றாள். அடுத்து என் முன்னால் வந்தார்.

“வீடு நலமா?”

“தெரியாது” என்றேன்.

“அப்பா, விடுங்கோ” என்றாள் மகள்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. “ஆர்?”

“அண்ணா.”

“எப்ப தெரியவரும்?”

“தெரியாது.”

“அப்ப தெரியுமட்டும் வெளியிலை நில்.” பேருந்தில் இடமில்லை என்று சொல்லும் சாரதியின் குரலில்தான் சொன்னார், அதில் கடுமை இருக்கவில்லை. தாளம் போடும் பெண்ணைப் பின்பாதியாக அனுப்பிவிட்டு, அவளுடைய வெண்கலத் தாளங்களை என் கையில் தந்தார்.

ஜூன் மாதத்து மாலை. சூரியன் இன்னும் கூரைகளுக்கு மேலே நின்றது. இருட்டாக்கிய மண்டபத்தில் ஒத்திகை பார்த்த விளக்குகளில் ஒன்றுகூட அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. முன்வரிசையில் அம்மா கோயில் பெண்கள் மூவரோடு நின்றார். சிங்கத்தின் பின்னங்கால்களைச் சுட்டிக்காட்டி அவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு சிங்கம் வலப்பக்கம் திரும்பியது. அதைத் தொடர்ந்து வந்த அம்மாவின் கண்கள், முரசின் அருகே நின்ற என்னிடம் வந்து நின்றன. சுட்டிய விரலை மடக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. முரசு நிற்கவில்லை; ஆகவே நானும் தாளத்தை நிறுத்தவில்லை.

பேருந்தில் அம்மா கேட்டார்: “அவர் கேட்டவரோ?”

“ஓம்.”

“என்ன சொன்னனீ?”

“தெரியாதெண்டு.”

“தெரியாட்டி ஏன் வெளியிலை விட்டவர்?”

 

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிறன்று, ஐயரோடு கதைக்கும்படி அப்பாவிடம் சொன்னார். கிரியைக்கு இறந்த திதி வேண்டும் என்றார் ஐயர். தெரியாது என்றார் அப்பா. திதி தெரியாவிட்டால், வீட்டுக்குச் செய்தி வந்த நாளை வைத்துக்கொள்ளலாம் என்றார் தொலைபேசியில் ஐயர்.

“செய்தி இன்னும் வரேல்லை, ஐயா…” என்று அப்பா தொடங்கினார்.

அம்மா தொலைபேசியை அவர் கையிலிருந்து வாங்கி, கோடைவிழா நடந்த திகதியைச் சொன்னார். “அண்டைக்குத்தான் ஐயா எங்களுக்குத் தெரியவந்தது.”

இலையுதிர்காலத்தில் என் தோழி செய்தி அனுப்பினாள். தகப்பன் ஒதுங்கிக்கொண்டார், குழு இப்போது அவள் கையில்: “இனி ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம், வா.” அந்தச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் கிரியைகள் முடிந்திருந்தன. அண்ணனுக்கு இறந்த நாள் ஒன்று இருந்தது. அன்று அவர் எங்கே இருந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.